அப்பாவின் வலது கண்

1

பன்றிக் கண்களைக் கழுவி முடித்துக் கையுறையைக் கழற்றிய நேரத்தில்தான் அப்பாவின் படம் வந்தது.

பயப்பட வேண்டாம். செவ்வாய்க்கிழமைகளில் எனக்கு அதுதான் வேலை. இங்கே சுவீடனில், இறைச்சிக்கு வெட்டும் பன்றிகளின் கண்களை ஐஸ் பெட்டியில் போட்டு எங்கள் ஆய்வுகூடத்துக்குக் கொண்டுவந்து தருவார்கள். குப்பைக்குப் போகவேண்டியவை. கருவிழிக்கு மேலே, கைக்கடிகாரத்தின் கண்ணாடி மாதிரி ஒரு மெல்லிய படலம் இருக்கிறது. அதை மட்டும் வெட்டி எடுப்போம். அதில் சிறு காயம் பண்ணி, நாங்கள் செய்த கூழை அதன்மேல் வைத்து, பக்கத்து உயிரணுக்கள் அந்தக் கூழுக்குள் நகர்ந்து வந்து காயத்தை மூடுகின்றனவா என்று பார்ப்போம். ஹைட்ரோஜெல் என்று அதற்குப் பெயர். ஊரில் யாராவது கேட்டால் நான் இப்படிச் சொல்வேன்: பிறந்தநாள் வீட்டில் ஜெலி தருவார்களே, முக்கால்வாசிக்கு மேல் தண்ணீர்தான், ஆனாலும் தட்டைச் சாய்த்தால் ஓடாது. அதையே கண்ணாடி போலத் தெளிவாகவும், தையல் போட்டால் கிழியாததாகவும், உயிரணுக்கள் விரும்பிக் குடியிருக்கும்படியும் செய்யவேண்டும். இதில் இறங்கிப் பத்து வருடத்துக்கு மேலாகிறது. இன்னும் பன்றியைத் தாண்டவில்லை.

படத்தை அனுப்பியவள் தர்ஷினி, அக்காவின் மூத்த மகள். அப்பாவின் இரண்டாவது தெவசத்துக்காகப் புசல்லாவை டவுனில் ஒரு ஸ்டூடியோவில் கொடுத்துப் பெரிதாக்கிச் சட்டம் போட்டிருக்கிறார்கள். அப்பாவுக்குக் கோட்டு மாட்டிவிட்டிருந்தார்கள். உயிரோடு இருந்தவரை அவர் கோட்டு போட்டதில்லை. ஆனால் எங்கள் பக்கத்து அப்பாமார் எல்லாருக்கும் செத்த பிறகு ஒரு கோட்டு கிடைத்துவிடும், அதில் எனக்கு வருத்தமில்லை. என் வருத்தம் கண்ணைப் பற்றியது. அப்பாவின் வலது கண் வெள்ளையாக இருக்கவேண்டும். நடுவில் பால் உறைந்தது போல ஒரு தழும்பு, எனக்குப் பதினான்கு வயதிலிருந்து அது அப்படித்தான். படத்தில் இரண்டு கண்ணும் பளிச்சென்று என்னைப் பார்த்தன. இடது கண்ணைப் பிரதியெடுத்துத் திருப்பி வலது பக்கத்தில் ஒட்டியிருக்கிறார்கள். நான் இத்தனை வருடமாக முக்கிக்கொண்டிருக்கும் வேலையைப் புசல்லாவை ஸ்டூடியோ ஒரே மத்தியானத்தில் முடித்துவிட்டது.

சாப்பாட்டு இடைவேளையில் அக்காவைக் கூப்பிட்டேன். அக்கா இறம்பொடைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கிறாள். பறித்த கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்தாள்.

"படம் பாத்தியா தங்கச்சி? நல்லா வந்திருக்கில்ல?"

"கண்ண ஏன்க்கா மாத்துனீங்க?"

"நாந்தான் மாத்தச் சொன்னேன். வெளக்கு வெச்சு கும்புடுற படத்துல கொறையோட இருக்கக் கூடாதுல்ல."

"அது அப்பா மூஞ்சி மாதிரியே இல்லக்கா. யாரோ மாதிரி இருக்கு. அந்தக் கண்ணோடதான அவரு அத்தன வருஷம் இருந்தாரு?"

 அக்கா, "ஒனக்கென்ன, நீயா தெனமும் அந்தக் கண்ணப் பாத்துக்கிட்டு இருந்த?" என்றாள். அடுப்பில் வேலை இருக்கிறது என்று வைத்துவிட்டாள்.

சாயங்காலம் என் மகள் மதுராவிடம் படத்தைக் காட்டினேன். அவளுக்குப் பதின்மூன்று வயது. "இது யார்?" என்று சுவீடிஷில் கேட்டாள். அம்மாவின் அப்பாவுக்கு இங்கே மொர்ஃபார் என்பார்கள். அவள் போனில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவாள், அவரும் அதற்கு "ஓய்" என்று குரல் கொடுப்பார். வெள்ளைக் கண்ணை வைத்துத்தான் அவளுக்கு அவரைத் தெரியும். அந்தக் கண் இல்லாத கிழவர் அவளுக்கு அந்நியர். அவளைக் கோபித்து என்ன பயன்? ஆனாலும் கோபித்தேன்.

2

அப்பா பூண்டுலோயாவில் கவ்வாத்து வெட்டியவர். சில வருடத்துக்கு ஒருமுறை தேயிலைச் செடியை முழங்காலளவுக்கு வெட்டிவிடுவார்கள், அப்போதுதான் புதிதாகத் துளிர்க்கும். வளைந்த கத்தி, ஒவ்வொரு கிளைக்கும் ஒரே வீச்சு. வீசும்போது சிராய் தெறிக்கும். கண்ணுக்கு எதையாவது மாட்டிக்கொண்டு வெட்டு என்று அவருக்கு யாரும் சொன்னதும் இல்லை, மாட்டிக்கொள்ள எதையும் கொடுத்ததும் இல்லை. ஒரு சனிக்கிழமை சிராய் வலது கண்ணில் பட்டது. தலைத்துண்டால் துடைத்துவிட்டு அன்றைய வேலையை முடித்துவிட்டுத்தான் வரிசை வீடுகளான லயத்துக்கு வந்தார். தோட்டத்து டிஸ்பென்சரியை அதற்குள் பூட்டிவிட்டார்கள்.

கண்ணில் எது விழுந்தாலும் எங்கள் லயத்தில் ஒரே மருந்துதான். தாய்ப்பால். பிள்ளை பெற்றவள் ஒருத்தி அந்த வரிசையில் இருந்தால் எல்லா வீட்டுக்கும் அவள்தான் கண் டொக்டர். பால் புகட்டும் சங்கை எடுத்துக்கொண்டு போய்க் கேட்பார்கள், அவளும் மறுக்கமாட்டாள். சின்ன வயதில் என் கண்ணிலும் விட்டிருக்கிறார்கள். வெதுவெதுப்பாக இருக்கும், இமை லேசாக ஒட்டும், எரிச்சல் அடங்கியது போல இருக்கும்.

அந்தச் சமயம் எங்கள் வீட்டிலேயே பிள்ளை பெற்றவள் இருந்தாள். அக்கா தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். தர்ஷினி பிறந்து மாதம் ஒன்றுதான் ஆகியிருந்தது. அப்பா கூச்சப்பட்டார். பெற்ற மகளின் பால் அல்லவா? அம்மாதான் சத்தம் போட்டாள்.

"ஒங்களுக்கு என்னங்க வெக்கம்? மகளா இருந்தா என்ன, பால் பால்தான? நம்ம வீட்டுல வெச்சுக்கிட்டு அடுத்த வீட்டுக் காம்பராவுல போயி கேக்கச் சொல்றீங்களா?"

அக்கா படுதாவுக்குப் பின்னால் போய்ச் சங்கில் பீய்ச்சிக் கொடுப்பாள். அம்மா அதை வாங்கி அப்பாவின் கண்ணில் விடுவாள். அப்பா, "எரிச்சல் கொறஞ்ச மாதிரிதான் இருக்கு" என்றார். அந்த ஒரு வார்த்தையை நம்பி ஞாயிறு, திங்கள், செவ்வாய் என்று விட்டுக்கொண்டே இருந்தார்கள். பிறகு ஒரு காலையில் கருவிழிக்கு மேலே அரிசிக் குருணை மாதிரி ஒரு வெள்ளை தெரிந்தது.

டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கல்யாணத்துக்கு முன்னால் கண்டியில் ஒரு வீட்டில் வேலைக்கு நின்றதால் எங்கள் வீட்டில் சிங்களம் நன்றாகப் பேசுபவள் அக்காதான். டொக்டரிடம் பேசுவதற்காகவே அவளை அழைத்துப் போனார்கள். நான் தர்ஷினியைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் நின்றேன். டொக்டர் அப்பாவின் இமையை விரித்துப் பார்த்துவிட்டு, "கிரி தெம்மாத?" என்று கேட்டார். பால் விட்டீர்களா என்று. அக்கா தலையை ஆட்டினாள். அவர் பொரிந்து தள்ளினார். கண்ணில் பாலை ஊற்றிக் கண்ணையே கெடுத்துவிட்டீர்கள், மூளை இருக்கிறதா என்பதுதான் சாரம். எனக்கும் பள்ளிக்கூடத்துச் சிங்களம் அவ்வளவு தெரியும்.

"என்னம்மா சொல்றாரு?" என்று அப்பா கேட்டார்.

"மருந்து போட்டா சரியாயிருமாம்ப்பா" என்றாள் அக்கா.

என் கையிலிருந்த பிள்ளை பசியில் வீரிட ஆரம்பித்தது. அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. அன்றைக்குக் கேட்டதைப் பற்றி அதன் பிறகு நாங்கள் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

3

அப்பாவின் கண்ணுக்காகத்தான் இந்த ஆராய்ச்சிக்கு வந்தேன் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். சுவீடனில் புலமைப்பரிசில் கிடைத்த இடம் கண் சம்பந்தமாக இருந்தது, அவ்வளவுதான். எலும்புக்குக் கிடைத்திருந்தால் எலும்புக்குப் போயிருப்பேன். ஆனால் போன பிறகு ஒவ்வொரு பாடமும் அப்பாவைப் பற்றியே இருந்தது. மரச்சிராயால் கண்ணில் வரும் காயம், அதில் வளரும் பூஞ்சணம், தோட்டத்திலும் வயலிலும் வேலை செய்பவர்களுக்கு அது வரும் விதம் எல்லாம் புத்தகத்தில் இருந்தது. முதல் வருடம் அந்தப் பக்கங்களைப் படித்துவிட்டுக் கழிவறையில் போய் அழுதிருக்கிறேன்.

தழும்பு விழுந்த படலத்தை எடுத்துவிட்டு, இறந்தவர் ஒருவரின் கண்ணிலிருந்து வேறு படலம் வைத்துத் தைக்கலாம். நம் நாட்டிலிருந்து அப்படித் தானமாகக் கண்கள் கடல் கடந்து போகின்றன. அப்பாவையும் கொழும்புக்குப் போகச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். ஆனால் அப்பாவிடம் அடையாள அட்டை இல்லை. பிறப்புச் சான்றிதழ் இல்லாததால் அட்டை இல்லை, பிரித்தானியர் காலத்துத் தோட்டத்தில் யார் பதிந்தார்கள் என்று தெரியாததால் பிறப்புச் சான்றிதழ் இல்லை. சண்டை நடந்த காலம் அது. அட்டையில்லாத தமிழன் கொழும்புக்குப் பஸ் ஏறினால் வழியில் எங்காவது இறக்கி உள்ளே வைத்துவிடுவார்கள் என்ற பயம். கிராம சேவகரிடமும் தோட்டத்து ஒஃபீசுக்கும் அப்பா நடையாய் நடந்தார். அட்டை கையில் கிடைத்தபோது அவருக்கு ஒற்றைக் கண் பழகிவிட்டது. "இனிமே எதுக்கு? மிச்சமிருக்கிற வருஷத்துக்கு இது போதும்" என்று சொல்லிவிட்டார்.

அவர் இறந்தபோது என் வதிவிட அட்டை புதுப்பிக்கப் போயிருந்தது. தாராளமாகப் போங்கள், ஆனால் திரும்பி உள்ளே வர முடியுமா என்று உறுதி சொல்ல முடியாது என்று குடிவரவு அலுவலகத்தில் ஒரு பெண் மிக மரியாதையாகச் சொன்னாள். போனில்தான் எல்லாம் பார்த்தேன். தப்பு மேளச் சத்தம் கேட்டது, குழியருகே குடைகள் தெரிந்தன. அக்கா அழவே இல்லை. அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்து அவருடைய வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டே இருந்தாள். இமை சரியாக மூடவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன்.

இங்கே இதையெல்லாம் யாரிடம் சொல்வது? கோயிலில் பார்க்கும் தமிழர்கள் பெரும்பாலும் யாழ்ப்பாணத்துக்காரர்கள். நல்லவர்கள். என் பேச்சைக் கேட்டுவிட்டு, "நீங்கள் இந்தியாவோ?" என்பார்கள். ஹட்டன் பக்கம் என்பேன். "ஓ, தேத்தண்ணித் தோட்டம்!" என்று அன்போடு சிரிப்பார்கள். போன வருடம் அங்கே போய் நின்று படமெடுத்தோம், என்ன வடிவான இடம் என்பார்கள். நானும் ஆமாம் என்பேன்.

4

படம் வந்த அதே வாரத்தில் ஆய்வுகூடத்தில் பூஞ்சணம் பிடித்தது. எங்கள் தொழிலில் அதைவிடப் பெரிய சாபம் இல்லை. கூழில் உயிரணுக்களை விதைத்து, வெதுவெதுப்பான பெட்டிக்குள் வைத்துப் பல வாரம் பிள்ளை மாதிரிப் பார்த்து வளர்த்திருப்போம். ஒரு காலையில் பெட்டியைத் திறந்தால் தட்டின் நடுவே வெள்ளையாக ஒரு பொட்டு. அவ்வளவுதான், எல்லாம் குப்பைக்கு.

அந்தத் தட்டுகளைக் கவனித்தவள் லீனா, என்னிடம் படிக்கும் மாணவி. பொட்டைப் பார்த்ததும் அழுதுவிட்டாள். தன் கையுறையா, தன் மூச்சா, தான் ஊற்றிய திரவமா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். இங்கே நான் தலைவி. நிதானமாகப் பேசுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். "எங்கிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. காற்றாக இருக்கலாம், தண்ணீராக இருக்கலாம், உன் கையாகவும் இருக்கலாம். கண்டுபிடிக்க முடியாததைத் தேடி நேரத்தை வீணாக்காதே, புதிதாக ஆரம்பி" என்றேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்ப் பெட்டியைக் கழுவினாள். விஞ்ஞானிக்கு அது போதுமான பதில்.

அன்றைக்குத்தான் தர்ஷினியின் குரல் செய்தி வந்தது.

"சித்தி, நீங்க பேசுன நாள்ல இருந்து அம்மா ஒரு மாதிரியா இருக்காங்க. சரியா சாப்புடுறதில்ல. தாத்தா படத்த செவுத்துப் பக்கமாத் திருப்பி வெச்சுட்டாங்க. நேத்து என்னமோ, என்னாலதான் அந்தக் கண்ணு போச்சு, என் பாலாலதான் போச்சுன்னு தனியாப் பேசிக்கிட்டு இருந்தாங்க. எனக்கு ஒண்ணுமே வெளங்கல. நீங்க கொஞ்சம் பேசுங்க சித்தி. நீங்க சொன்னாத்தான் கேப்பாங்க."

அந்தச் செய்தியை மறுபடியும் போட்டுக் கேட்டேன். டொக்டர் ஒருவர் எரிச்சலில் கொட்டிய வார்த்தையை அக்கா ஒரு மகளை வளர்த்து ஆளாக்கும் காலம் முழுவதும் சுமந்திருக்கிறாள். அப்பாவைக் கடைசிவரை தன் வீட்டில் வைத்துப் பார்த்தவளும் அவள்தான். கஞ்சி கொடுக்கும்போதெல்லாம் எதிரே அந்தக் கண் இருந்திருக்கும். படத்தில் அதை மாற்றியது சாமிக்காக இல்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அவளுக்கு நான் என்ன பதில் வைத்திருக்கிறேன் என்று யோசித்துப் பார்த்தேன். சிராயில் வந்த பூஞ்சணம்தான் காரணமாக இருக்கவேண்டும், அதற்கான வாய்ப்பே மிக அதிகம். பாலில் கிருமியைக் கொல்லும் பொருளும் உண்டு, தோலிலிருந்து கிருமி தொற்றவும் இடமுண்டு. ஆனால் பாலை நம்பி நாட்களைக் கடத்தியது நல்லதல்ல. அந்தக் கண்ணிலிருந்து சுரண்டி எடுத்து யாரும் பரிசோதிக்கவில்லை, ஆகவே திட்டமாகச் சொல்ல முடியாது. லீனாவுக்குச் சொன்ன அதே பதில்தான். அதை அக்காவிடம் சொல்ல முடியுமா?

5

தெவசம் ஞாயிற்றுக்கிழமை வந்தது. காலையில் அக்காவே கூப்பிட்டாள். அங்கே படையல் போட்டு முடித்து இலை விரிக்கும் நேரம். லயத்துக்குப் பின்னால் தண்ணித் தாங்கிப் பக்கம் போனால்தான் சிக்னல் கிடைக்கும், அங்கே வந்து நின்று பேசினாள். மூச்சு வாங்கியது.

"தங்கச்சி, ஒண்ணு கேப்பேன். மறைக்காம சொல்லணும்."

"கேளுங்கக்கா."

"நீ கண்ணுக்குத்தான படிச்சிருக்க. கண்ணுக்குத்தான மருந்து செய்யிற. அப்பா கண்ணு என் பாலாலதான் போச்சா?"

வாய்ப்பு, சாத்தியம், ஆதாரம் என்று என் தொழில் கற்றுக்கொடுத்த சொற்கள் எல்லாம் நாக்கு வரைக்கும் வந்தன. விழுங்கிவிட்டேன்.

"இல்லக்கா. பாலால இல்ல. அந்தச் சிராய்தான். செத்த மரத்துல, கொப்புல ஒரு பூஞ்சணம் இருக்கும். அது கண்ணுக்குள்ள போயிருச்சு. பால் விட்டிருந்தாலும் விடாட்டியும் அந்தக் கண்ணு போயிருக்கும்."

"அந்த டொக்டர் அப்புடி சொன்னாரே?"

"அவரு கோவத்துல சொன்னதுக்கா. நான் இத்தன வருஷமா இதத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன். எனக்குத் தெரியாதா?"

"நெசமாவா? என் மேல சத்தியமா சொல்லு."

"சத்தியமாக்கா."

அவள் அழுதாள். அப்பா செத்தபோது அழாதவள் தண்ணித் தாங்கிக்குப் பக்கத்தில் நின்று விம்மி விம்மி அழுதாள். எனக்கும் கண் நிறைந்தது, ஆனால் உள்ளே ஒரு நிம்மதி. இத்தனை வருடப் படிப்பில் முதல் தடவையாக எங்கள் வீட்டுக்கு ஒரு உபயோகம். ஒரு ஆளையாவது குணப்படுத்திவிட்டேன் என்றுகூட நினைத்தேன்.

அழுகை ஓய்ந்த பிறகு அக்கா மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப அது நல்ல பால்தானா?"

"நல்ல பால்தான்க்கா. தாய்ப்பால்ல என்ன கெட்டது?"

அக்கா மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது.

"நான் புள்ளைக்குக் குடுக்கலடி" என்றாள்.

எனக்கு விளங்கவில்லை.

"அந்த ஆளு சொன்ன அன்னைக்கே நிப்பாட்டிட்டேன். பெரிய மனுசன் கண்ணையே எடுத்துருச்சே, பச்சப் புள்ள தாங்குமான்னு நெனச்சேன். துணிய இறுக்கிக் கட்டிக்கிட்டேன். காய்ச்ச வந்துச்சு. கட்டிக்கிட்டு அங்க நம்ம லயத்துலயும், பொறகு இங்க இந்தத் தண்ணி போற கான்லயும் வந்து வந்து பீச்சி விட்டேன். அது பசியில கத்தும். டின்னு மாப்பால் கரைச்சு ஊத்துனேன். வயித்தால போயி போயி எலும்பும் தோலுமாக் கெடந்துச்சு அந்தப் புள்ள."

எங்கள் வீட்டில் அக்காவுக்குப் பால் வற்றிவிட்டது என்றுதான் பேச்சு. அவளுடைய மாமியார் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாள். அம்மா கோயில் கோயிலாக நேர்ந்துகொண்டாள். அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள்.

"தர்ஷினிக்கு மட்டுமில்லடி. சின்னவனுக்கும் குடுக்கல. கடைசிப் புள்ளைக்கும் குடுக்கல. நெஞ்சு நெறைய இருந்துச்சு. மூணு புள்ளையில ஒண்ணுக்குக்கூட நான் குடுக்கல. நல்ல பால்தான்னு அப்பவே யாராவது ஒரு வார்த்த சொல்லியிருந்தா…"

தெரியாது, சொல்ல முடியாது என்ற அந்த உண்மையான பதிலைச் சற்று முன்னால் சொல்லியிருந்தால் அவளுக்குப் பழைய துக்கம் ஒன்றுதான் இருந்திருக்கும். நான் கொடுத்த சத்தியம் அவளிடமிருந்து ஒரு கண்ணின் பாரத்தை வாங்கிக்கொண்டு மூன்று பிள்ளைகளின் பாரத்தைக் கொடுத்துவிட்டது. அக்கா, அக்கா என்று மட்டும் கூப்பிட்டேன்.

அந்தப் பக்கம் தூரத்திலிருந்து தர்ஷினியின் குரல் கேட்டது.

"அம்மா, எங்கம்மா போனீங்க? எல போட்டாச்சு. நீங்க வராம நாங்க யாரும் கை வெக்க மாட்டோம், வந்து சாப்புடுங்கம்மா."

"இந்தா வர்றேன்" என்று அக்கா குரல் கொடுத்தாள். போனை வைக்கவில்லை. தண்ணித் தாங்கிப் பக்கத்திலேயே அவள் மூச்சு வாங்குவது கேட்டுக்கொண்டிருந்தது.